வெள்ளைப் பந்தைப் பாருங்கள்: வேலூரில் உட்கார்ந்து உலக பூல் போட்டிகளைப் பின்தொடர்வது

வேலூரில் கிரிக்கெட்டுக்கு ஆள் உண்டு, கபடிக்கு உண்டு, கேரம் போர்டு தெருவுக்குத் தெரு உண்டு. வெளிநாட்டில் நடக்கிற பூல் போட்டிகளைக் கண்விழித்துப் பார்க்கிறவர்கள் கொஞ்சம் பேர்தான். சத்துவாச்சாரியில் மாடியில் இருக்கும் ஒரு பூல் பார்லரில் எங்கள் கூட்டம் சேரும். காட்பாடியில் படிக்கிற பையன்கள் சிலர், ராணிப்பேட்டை தோல் கம்பெனியில் ஷிஃப்ட் முடித்து வருகிறவர்கள், மருந்துக் கடை வைத்திருக்கும் ஒரு அண்ணன், நான், அப்புறம் பார்லரை நடத்துகிற பாய். பல வருஷமாகச் சேர்ந்து பார்க்கிறோம். புதிதாக வருகிற ஒவ்வொரு பையனும் எதைப் பார்ப்பது, யாரைப் பின்தொடர்வது, எந்த நேரத்தில் பார்ப்பது என்று கேட்கிறான். இவ்வளவு அழகான ஒரு ஆட்டம் சரியாகப் பார்க்கத் தெரியாமல் யாருக்கும் கைவிட்டுப் போகக்கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

முதலில் ஆட்டம். துணி விரித்த மேஜையில் குச்சியால் வெள்ளைப் பந்தை அடித்து மற்றப் பந்துகளைப் பாக்கெட்டில் விழவைப்பதுதான் பூல். உலக அளவில் பெரிய போட்டிகளில் அதிகம் ஆடப்படுவது நைன் பால். மேஜையில் 1 முதல் 9 வரை எண் போட்ட பந்துகள், ஒரு வெள்ளைப் பந்து. மேஜையில் இருப்பதில் எந்த எண் சிறியதோ அதைத்தான் வெள்ளைப் பந்து முதலில் தொட வேண்டும். 9ஆம் பந்தை முறையாக விழவைத்தவருக்கு அந்த ரேக், அதாவது அந்தச் சுற்று. விதி இவ்வளவுதான் என்பதால் பத்து வயதுப் பிள்ளைக்கும் அஞ்சு நிமிஷத்தில் புரிந்துவிடும், ஆனால் பார்க்கத் தெரிவதற்கு நாளாகும். காரணம், புதிதாகப் பார்க்கிற எல்லோருடைய கண்ணும் விழுகிற பந்தின் பின்னாலேயே போகிறது. இந்த லெவலில் ஆடுகிறவர்களுக்கு நேரே தெரிகிற பந்தை விழவைப்பது பெரிய விஷயமே இல்லை. வெள்ளைப் பந்து அதற்கப்புறம் எங்கே போய் நிற்கிறது என்பதில்தான் மொத்த ஆட்டமும் இருக்கிறது.

கேரம் ஆடி வளர்ந்த நமக்கு இதை ஒரே வார்த்தையில் புரியவைக்கலாம். கேரமில் ஸ்ட்ரைக்கரை ஒவ்வொரு தடவையும் கையில் எடுத்து நம் பக்கத்துக் கோட்டில் வேண்டிய இடத்தில் வைத்துக்கொள்கிறோம். பூலில் அந்த வசதி கிடையாது, வெள்ளைப் பந்து எங்கே நின்றதோ அங்கிருந்தே அடுத்த அடி. அதனால் பிளேயர் 3ஆம் பந்தை அடிக்கும்போதே அவர் மனசு 4ஆம் பந்தில் இருக்கும், 4க்கு எந்தப் பக்கத்தில் வந்து நின்றால் 5க்குப் போக வசதி என்றும் அவர் பார்த்து வைத்திருப்பார்.

இதற்குப் பாய் எங்களுக்குக் கொடுத்த பயிற்சி ஒன்று இருக்கிறது, என்னைக் கேட்டால் இந்தக் கட்டுரையில் உருப்படியானது இதுதான். டிவியில் பிளேயர் ஷாட்டுக்குக் குனிவதற்கு முன்னால் பாய் ரிமோட்டை எடுத்து நிறுத்திவிடுவார். "சொல்லு தம்பி, வெள்ளை எங்க வந்து நிக்கும்?" என்பார். நாம் எழுந்து போய் திரையில் விரல் வைத்துக் காட்ட வேண்டும். சும்மா "அந்தப் பக்கம்" என்றால் விடமாட்டார். "இன்னாபா அந்தப் பக்கம்? மேஜைல பாதி அந்தப் பக்கம்தான். எந்த குஷன்ல பட்டு, எப்படி வரும், அத்தச் சொல்லு." (குஷன் என்றால் மேஜையின் ரப்பர் ஓரம்.) சொன்ன பிறகு மறுபடி ஓடவிடுவார். ஆரம்பத்தில் நாம் காட்டுகிற இடத்துக்கும் பந்து நிற்கிற இடத்துக்கும் ஒரு முழம் இடைவெளி இருக்கும். விடாமல் செய்துகொண்டே வந்தால் ஒரு கட்டத்தில் பிளேயர் நினைப்பதை நாமும் நினைக்க ஆரம்பிப்போம். அப்போது அவர் நாம் நினைத்த வழியை விட்டு வேறு வழியில் போனால் "ஏன்?" என்று மனசுக்குள் ஒரு கேள்வி எழும். எனக்கு பூல் பார்ப்பதன் ருசி பிடிபட்டது அந்தக் கேள்வி வர ஆரம்பித்த பிறகுதான்.

அந்த "ஏன்"-க்குப் பெரும்பாலும் இரண்டு பதில் இருக்கும். ஒன்று, கோணம். பந்தும் பாக்கெட்டும் வெள்ளையும் ஒரே நேர்க்கோட்டில் வந்துவிட்டால் நமக்கு ஆஹா, சுலபமான ஷாட் என்று தோன்றும். ஆனால் நேர்க்கோட்டில் அடித்தால் வெள்ளையை முன்னால் தள்ளலாம், அங்கேயே நிறுத்தலாம், ஸ்க்ரூ போட்டுப் பின்னால் இழுக்கலாம், பக்கவாட்டில் கொண்டுபோவது கஷ்டம். அதனால் பெரிய ஆட்டக்காரர்கள் வேண்டுமென்றே லேசாகச் சாய்வு வைத்துக்கொள்வார்கள். இரண்டாவது, வருகிற வழி. அடுத்த பந்துக்கான கோட்டைக் குறுக்கே வெட்டிக்கொண்டு வெள்ளை வந்தால் வேகம் கொஞ்சம் கூடினாலோ குறைந்தாலோ இடம் போய்விடும். அந்தக் கோட்டின் வழியாகவே வந்தால் ஒரு சாண் முன்னே நின்றாலும் பின்னே நின்றாலும் ஷாட் கிடைக்கும். ஒரு குஷனில் முடிகிற வேலைக்கு மூன்று குஷன் சுற்றி வருகிறாரே என்று புதியவர்கள் கேட்பதற்குப் பதில் இதுதான்.

சேஃப்டிக்கு வருகிறேன். பந்தை விழவைக்க வழி இல்லாதபோது எதிராளிக்கும் வழி இல்லாதபடி வெள்ளையை மறைத்து வைப்பதுதான் சேஃப்டி. யூடியூபில் பார்க்கிற பசங்க இந்த இடம் வந்தால் தள்ளிவிட்டுப் போவதைப் பார்த்தால் எனக்கு மனசு பதைக்கும். தயவுசெய்து தள்ளாதீர்கள். மறைந்திருக்கும் பந்தை முதலில் தொட முடியாமல் ஃபவுல் ஆனால் எதிராளி வெள்ளையைக் கையில் எடுத்து மேஜையில் எங்கே வேண்டுமானாலும் வைத்து ஆடலாம். இந்த ஆட்டக்காரர்கள் கையில் அப்படி மேஜையைக் கொடுத்தால் பெரும்பாலும் அந்த ரேக் போனது போலத்தான். தொடர்ந்து மூன்று ஃபவுல் செய்தால் ரேக்கே போய்விடும். அதனால் ஒரு நல்ல சேஃப்டி ஒரு ரேக்குக்குச் சமம். ரேக்கைத் தொடங்கிவைக்கிற முதல் அடிதான் பிரேக், அதற்கு அடுத்த ஷாட்டில் மட்டும் புஷ் அவுட் என்று ஒன்று உண்டு. எந்தப் பந்தையும் தொடாமல்கூட வெள்ளையைத் தனக்கு வேண்டிய இடத்துக்குத் தள்ளி வைக்கலாம், அப்புறம் அங்கிருந்து ஆடுவதா இவரையே ஆடச் சொல்வதா என்று எதிராளி முடிவு செய்வார். எதிராளிக்குக் கஷ்டமாகவும் தனக்குச் சுலபமாகவும் தெரிகிற ஒரு இடத்தைத் தேடிப் பிடிக்கிற வேலை அது. புஷ் அவுட் வரும்போதெல்லாம் எங்கள் பார்லரில் வாக்குவாதம் நடக்கும், டீ ஆறிப்போகும்.

சேஃப்டியில் இருந்து வெளியே வருகிற கலைக்கு எஃப்ரன் ரெயஸைத்தான் பார்க்க வேண்டும். பிலிப்பைன்ஸ்காரர், 1954இல் பம்பங்காவில் பிறந்தவர், மந்திரவாதி என்றே அவரைக் கூப்பிடுவார்கள். 1995இல் அமெரிக்காவின் ரீனோ நகரத்தில் அமெரிக்க ஆட்டக்காரர் ஏர்ல் ஸ்ட்ரிக்லேண்டோடு ஆடிய ஆட்டம், ஸ்கோர் 12-12, கடைசி ரேக். அடிக்க வேண்டிய 5ஆம் பந்து மறைந்து கிடக்கிறது, நேரே போக வழி இல்லை. ரெயஸ் வெள்ளையை இரண்டு குஷனில் அடித்துக் குறுக்கும் நெடுக்குமாகக் கொண்டுவந்து 5ஐத் தொட்டது மட்டுமில்லாமல் பாக்கெட்டிலேயே போட்டார், மிச்சத்தையும் முடித்தார். அதே இருவரும் 1996இல் ஹாங்காங்கில் முதலில் 120 ரேக் ஜெயிப்பவருக்கு 1,00,000 டாலர் என்று ஆடினார்கள், ரெயஸ் 120-117 என்று ஜெயித்தார். அவர் பெயரில்தான் 2024இல் மணிலாவில் ரெயஸ் கப் தொடங்கினார்கள், ஆசியாவுக்கும் உலகத்தின் மற்றப் பகுதிகளுக்கும் இடையே நடக்கிற அணிப் போட்டி. முதல் வருஷம் ஆசியா ஜெயித்தது. நம் கண்டத்தின் அணி என்று உரிமையோடு கத்த ஒரு போட்டி கிடைத்ததில் எங்கள் எல்லோருக்கும் அவ்வளவு சந்தோஷம்.

பிரேக்கைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். பெரிய போட்டிகளில் இப்போது 1ஆம் பந்துக்குப் பதிலாக 9ஆம் பந்தை ஸ்பாட் என்கிற புள்ளியில் வைத்துப் பந்துகளை அடுக்குகிறார்கள். ஓரத்தில் இருக்கும் பந்து ஒவ்வொரு பிரேக்கிலும் மூலைப் பாக்கெட்டில் தானாகப் போய் விழுவதைக் குறைக்கத்தான் இந்த ஏற்பாடு. பிரேக்கில் எந்தப் பந்தும் விழாவிட்டால் மேஜை எதிராளிக்குப் போகும். பல போட்டிகளில் ரேக்கை ஜெயித்தவரே அடுத்த பிரேக்கையும் எடுப்பார், அதனால் பிரேக் கைகொடுக்கும் ஆள் வரிசையாக நாலைந்து ரேக் எடுத்துவிட எதிராளி நாற்காலியிலேயே உட்கார்ந்திருப்பார். அப்படி உட்கார்ந்திருப்பவரின் முகத்தையும் பாருங்கள்.

யாரைப் பின்தொடர்வது? ஒரே ஒரு ஆளைப் பிடித்துக்கொள்ளுங்கள், அவர் தோற்கிற ஆட்டங்களையும் விடாமல் பாருங்கள். ஜெயிக்கிறவர் பின்னாலேயே மாறி மாறிப் போனால் ஆட்டம் மனசில் ஒட்டாது. மருந்துக் கடை அண்ணனுக்கு அமெரிக்காவின் ஷேன் வான் போனிங். சவுத் டகோட்டாக்காரர், பிறவியிலேயே காது கேட்கும் திறன் குறைவு, கருவி வைத்துக்கொண்டுதான் கேட்பார். யூஎஸ் ஓப்பன் பூல் போட்டியை 2007, 2012, 2013, 2014, 2016 என்று அஞ்சு தடவை எடுத்தவருக்கு உலகப் பட்டம் மட்டும் பிடிகொடுக்காமலே இருந்தது. 2022இல் இங்கிலாந்தின் மில்டன் கீன்ஸில் அல்பின் ஔஷானை 13-6 என்று ஜெயித்து அதையும் வாங்கினார். அன்றைக்கு அண்ணன் கடையை மூடிவிட்டு வந்து எல்லோருக்கும் ஆம்பூர் பிரியாணி வாங்கிக் கொடுத்தார். தான் பெற்ற பிள்ளை பாஸ் பண்ண மாதிரி அவர் முகம் இருந்தது.

எனக்கு பிலிப்பைன்ஸின் கார்லோ பியாடோ. கோல்ஃப் மைதானத்தில் மற்றவர்களின் மட்டைப் பையைச் சுமந்து வேலை பார்த்தவர் பூலில் உலக சாம்பியன் ஆனார் என்று கேள்விப்பட்ட நாளிலிருந்து அவரை விடவில்லை. 2017இல் முதல் உலகப் பட்டம். 2021 யூஎஸ் ஓப்பன் இறுதி ஆட்டத்தில் சிங்கப்பூரின் அலோஷியஸ் யாப்பிடம் 3-8 என்று பின்தங்கி இருந்தார், அங்கிருந்து வரிசையாகப் பத்து ரேக் எடுத்து 13-8 என்று முடித்தார். நடுவில் ஒரு முறைகூட அவர் அவசரப்படவில்லை, குச்சி நுனியில் சாக் தேய்க்கிற வேகம்கூட மாறவில்லை. அப்புறம் 2025இல் ஜெத்தாவில் ஃபெடோர் கோர்ஸ்ட்டை 15-13 என்று ஜெயித்து இரண்டாவது உலகப் பட்டம். கோர்ஸ்ட் லேசுப்பட்டவர் கிடையாது. மாஸ்கோவில் பிறந்து இப்போது அமெரிக்காவுக்கு ஆடுகிறவர், 2019இலும் 2024இலும் உலக சாம்பியன். எட்டு வருஷ இடைவெளியில், நாற்பது வயதைத் தாண்டிய பிறகு, அப்படிப்பட்ட ஒருவரை எதிர்த்து இதைச் செய்திருக்கிறார் பியாடோ. அந்த இடைப்பட்ட வருஷங்களில் அவர் தோற்றதையெல்லாம் பார்த்திருந்ததால்தான் கடைசி 9 விழுந்தபோது எனக்குக் கண் கலங்கியது.

இன்னும் ஆள் வேண்டுமா? வேகம் பிடிக்கும் என்றால் ஜெர்மனியின் ஜோஷுவா ஃபில்லர், 2018 உலக சாம்பியன், யோசிக்கிறாரா என்றே தெரியாது, அதற்குள் ரேக் முடிந்திருக்கும். சுத்தமான ஸ்ட்ரோக் பார்க்க வேண்டும் என்றால் தைவானின் கோ சகோதரர்கள், அதிலும் மூத்தவர் கோ பின் யீ 2015இல் நைன் பால், பத்துப் பந்து வைத்து ஆடுகிற டென் பால் இரண்டிலும் உலகப் பட்டம் எடுத்தவர். பெண்கள் போட்டிகளையும் விட்டுவிடாதீர்கள். எங்கள் பார்லருக்கு ஞாயிற்றுக்கிழமை காலையில் அண்ணனோடு வரும் நர்சிங் படிக்கிற ஒரு தங்கச்சிக்கு பிலிப்பைன்ஸின் ரூபிலென் அமித் என்றால் உயிர். 2009, 2013 இரண்டிலும் டென் பால் உலகப் பட்டம் வாங்கிய அமித் 2024இல் நியூசிலாந்தில் நைன் பால் பட்டமும் வாங்கினார். அந்தப் பெண் இப்போது எங்களில் பாதிப் பேரைவிட நன்றாக சேஃப்டி ஆடுகிறாள்.

நேரம். இதை ஒரு தடவை மனசில் ஏற்றிக்கொண்டால் போதும். மணிலா நமக்கு இரண்டரை மணி நேரம் முன்னால், ஹனோய் ஒன்றரை மணி நேரம் முன்னால், அதனால் அங்கே சாயந்திரம் 7 மணி ஆட்டம் நமக்கு வேலை முடிகிற நேரம். ஜெத்தா இரண்டரை மணி நேரம் பின்னால், ராத்திரிச் சாப்பாட்டுக்கு அப்புறம் உட்காரலாம். டிசம்பரில் லண்டனில் மாலை 6 என்றால் இங்கே ராத்திரி 11.30. அமெரிக்காவின் கிழக்குக் கரையில் டிசம்பர் மாலை 7 என்றால் நமக்கு மறுநாள் விடிகாலை 5.30, ராத்திரி முழுக்க விழிப்பதை விட்டுவிட்டுப் படுத்துத் தூங்கி எழுந்து பாருங்கள். நேரலையைத் தவறவிட்டால் போட்டி நடத்துகிறவர்களின் யூடியூப் சேனலில் நிறைய ஆட்டங்கள் முழுதாகக் கிடைக்கும், ஆனால் பார்க்கிற வரைக்கும் வாட்ஸ்அப் குரூப்பை மூடி வைக்க வேண்டும். முடிந்தவரை டிவியில் போட்டுப் பாருங்கள், ஃபோனின் சின்னத் திரையில் வெள்ளைப் பந்து சுழல்வது தெரியாது.

மோஸ்கோனி கப் பார்த்துத்தான் பலபேர் உள்ளே வருகிறார்கள். 1994 முதல் ஐரோப்பாவும் அமெரிக்காவும் மோதுவது, கூட்டம் கத்துகிற கத்தலில் திருவிழா மாதிரி இருக்கும். ருசி காட்ட அது நல்லது. ஆனால் அங்கே ஒவ்வொரு ஆட்டமும் முதலில் 5 ரேக் எடுப்பவருக்கு, அவ்வளவு குறுகிய தூரத்தில் ஒரு நல்ல பிரேக், துரதிர்ஷ்டமாக உருண்ட ஒரு பந்து எல்லாவற்றையும் மாற்றிவிடும். ஆட்டத்தைக் கற்றுக்கொள்ள 13, 15 என்று நீளமாகப் போகிற இறுதி ஆட்டங்கள்தான் சரி. யாருக்கு வாய்ப்பு அதிகம் என்று தெரிய ஃபார்கோ ரேட் என்ற மதிப்பெண்ணைப் பாருங்கள். இரண்டு பேருக்கும் 100 புள்ளி வித்தியாசம் இருந்தால் மேலே இருப்பவர் இரண்டு ரேக் எடுக்கும்போது கீழே இருப்பவர் ஒன்று எடுப்பார் என்பது கணக்கு. பெரிய ஆட்டக்காரர்களுக்குள் வித்தியாசம் ரொம்பக் குறைவு, அதனால் யாரும் யாரையும் ஜெயிக்கலாம்.

ஒரு விஷயத்தைக் கறாராகச் சொல்லிவிடுகிறேன், பந்தயம் வேண்டாம். ஆப்பிலும் வேண்டாம், பார்லரிலும் வேண்டாம். பூல் என்றாலே உருப்படாத பையன்கள் கூடுகிற இடம் என்று நம் ஊரில் வீட்டுக்கு வீடு ஒரு பேச்சு இருக்கிறது. பாய் சிகரெட்டையும் பந்தயத்தையும் வாசலிலேயே நிறுத்தியதால்தான் அந்தத் தங்கச்சியின் அப்பா அவளை அனுப்புகிறார், காலேஜ் பையன்களின் அம்மாக்கள் ஃபோன் போட்டால் "பார்லர்ல இருக்கேம்மா" என்று அவர்கள் தைரியமாகச் சொல்ல முடிகிறது. காசு வைத்துப் பார்க்கிறவனுக்கு ஸ்கோர் மட்டும்தான் கண்ணில் படும், ஆட்டம் படாது.

டிவியில் பார்த்ததை மேஜையில் செய்து பார்க்க ஆசை வரும், கட்டாயம் செய்யுங்கள். ஆனால் இரண்டு மேஜையும் ஒன்றில்லை என்று தெரிந்திருக்கட்டும். அங்கே 9 அடி மேஜை, ஆடுகிற பரப்பு 100 அங்குலத்துக்கு 50 அங்குலம், பாக்கெட் இறுக்கம், துணி மெல்லியது, ரோமம் இல்லாதது, பந்து வழுக்கிக்கொண்டு ஓடும். நம் ஊர்ப் பார்லர்களில் பல இடத்தில் சின்ன மேஜை, தடித்த துணி. அக்னி நட்சத்திரத்தில் காய்ந்து கிடக்கிற துணியில் ஓடுகிற பந்து ஐப்பசி மழையில் பாதி தூரத்திலேயே நின்றுவிடும். அதனால் அவர்கள் அடிக்கிற வேகத்தை நகல் எடுக்காதீர்கள், வழியை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். தனியாகப் பயிற்சி செய்ய ஒரு நல்ல முறை இருக்கிறது. பிரேக் அடித்துவிட்டு வெள்ளையைக் கையில் எடுத்து வேண்டிய இடத்தில் வைத்து வரிசையாக எல்லாவற்றையும் முடிக்கப் பாருங்கள். முடித்தால் ரேக் உங்களுக்கு, ஒரு பந்து தவறினால் ரேக் கண்ணுக்குத் தெரியாத எதிராளிக்கு. ஒன்பது பந்தும் கஷ்டமாக இருந்தால் மூன்றே பந்தில் தொடங்குங்கள்.

எந்த ஆட்டத்தை முதலில் பார்ப்பது என்றால், பியாடோ–யாப் 2021 இறுதி ஆட்டத்தைச் சொல்வேன். 3-8இல் இருந்து பாருங்கள், ஒவ்வொரு ஷாட்டுக்கும் நிறுத்தி வெள்ளை நிற்கப்போகும் இடத்தைக் கூடவே இருக்கிற ஒருத்தரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள். இரண்டாவது, கோர்ஸ்ட்டும் அல்பேனியாவின் எக்லென்ட் கச்சியும் 2024இல் ஜெத்தாவில் ஆடியது, 15-14 வரை போனது. அதை முதலில் சத்தத்தை அணைத்துவிட்டுப் பாருங்கள், அடுத்த தடவை வர்ணனையோடு பாருங்கள், நீங்கள் நினைத்த காரணமும் அவர்கள் சொல்கிற காரணமும் எங்கே ஒத்துப்போகிறது என்று தெரியும். ஒத்துப்போகாத இடங்களைக் குறித்து வைத்துக்கொண்டு அடுத்த நாள் பார்லரில் பந்துகளை அதே மாதிரி அடுக்கி இரண்டு வழியிலும் அடித்துப் பாருங்கள். கூட்டம் இல்லாத மத்தியான நேரத்தில் போனால் மேஜை கிடைக்கும், பாய் மாதிரி ஒருத்தர் இருந்தால் கூடவே நின்று சொல்லியும் கொடுப்பார்.